குரங்கையும் ஹம்மிங்பேர்டையும் ஒப்பிட முடியுமா? பெரு நாட்டு மலையில இருக்கற ரெண்டு வாலை வச்சு ஒரு பதில்

வந்த கேள்வி இதுதான்: ஒரு குரங்கு இனத்தையும் ஒரு ஹம்மிங்பேர்டு இனத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா உருப்படியா ஏதாவது தெரியுமா, இல்ல அது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடற வேலையா, அப்புறம் ரெண்டுல எது முதல்ல அழியும்?

முடிச்சுப் போடலாம். ஆனா எந்தக் குரங்கு, எந்த ஹம்மிங்பேர்டுன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும். நூத்துச் சொச்சம் கிராம் இருக்கற பிக்மி மார்மோசெட்டும் குரங்குதான், 30 கிலோ தாண்டற மாண்ட்ரிலும் குரங்குதான். ஹம்மிங்பேர்டுலயே 350 இனத்துக்கு மேல இருக்கு. பொதுவா பேசினா இது பாலூட்டி அது பறவை, இது பழம் தின்னும் அது தேன் குடிக்கும்னு அஞ்சாங்கிளாஸ் அட்டவணைதான் வரும், அதைப் படிச்சு யாருக்கும் ஒண்ணும் ஆகப் போறதில்ல.

அதனால நான் வடக்கு பெருவுல இருந்து ஒரு ஜோடியை எடுத்துக்கறேன். ஒண்ணு மஞ்சள்வால் கம்பளிக் குரங்கு. இன்னொண்ணு ஆங்கிலத்துல மார்வெலஸ் ஸ்பாட்சுல்டெயில்னு சொல்ற ஹம்மிங்பேர்டு, நம்ம காட்டுல துடுப்புவால் கரிச்சான் இருக்கே, அதே தினுசு வால்ங்கறதால இங்க துடுப்புவால் ஹம்மிங்பேர்டுன்னே சொல்லிக்கறேன். ரெண்டும் பெருவைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. ரெண்டுக்கும் முக்கியமான இடம் அமசோனாஸ்ங்கற பகுதி, பேரைப் பார்த்து வெயிலும் சேறுமா இருக்கற சமவெளிக் காடுன்னு நினைச்சுடாதீங்க, இவங்க இருக்கறது ஆண்டிஸ் மலையோட கிழக்குப் பக்கம், நாள் பூரா மேகம் மரத்துக்குள்ள புகுந்து போற குளிர் காடு. குரங்கு சுமார் 1,500 மீட்டர்ல இருந்து 2,700 மீட்டர் வரைக்கும் இருக்கும், ஹம்மிங்பேர்டு 2,100-ல இருந்து 2,900 வரைக்கும், அதுவும் உட்குபாம்பா ஆத்துப் பள்ளத்தாக்கை ஒட்டின ஒரு சின்னத் துண்டு நிலத்துல மட்டும்.

(இடையில ஒரு விஷயம். "எங்க வீட்டுச் செம்பருத்திக்கு ஹம்மிங்பேர்டு வந்துச்சு"ன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் போட்டோ போடறாங்க, அது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியில காட்டுல ஒண்ணுகூட இல்ல. தேன்சிட்டு வேற குடும்பம், தேன் குடிக்கற பழக்கத்தால மூக்கு அப்படி வளைஞ்சு போச்சு, அவ்ளோதான்.)

ஆள் அளவுல இருந்து வருவோம். பெரிய ஆண் குரங்கு 10 கிலோ வரைக்கும் போகும். அடர் சிவப்பு கலந்த பழுப்பு மயிர், ரொம்ப அடர்த்தி, குளிருக்காக. மூக்கையும் வாயையும் சுத்தி வெள்ளையா ஒரு திட்டு, வால் நுனிப்பக்கம் அடியில மஞ்சள் மயிர், ஆணுக்கு இடுப்புக்குக் கீழயும் ஒரு மஞ்சள் கொத்து தொங்கும். ஹம்மிங்பேர்டு சுமார் 3 கிராம். அரை சவரன் தங்கத்தை விட எடை கம்மி. அதாவது ஒரு ஆண் குரங்கோட எடைக்கு மூவாயிரத்துக்கு மேல ஹம்மிங்பேர்டை தராசுல வைக்கணும். ஆண் பறவையோட நீளம் 15 சென்டிமீட்டர் சொச்சம் வரும், ஆனா அதுல பாதிக்கு மேல வால்தான்.

இந்த வாலுதான் எனக்கு இந்த ஒப்பீட்டுல ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

குரங்கோட வால் உடம்பை விடக் கொஞ்சம் நீளம். நுனிக்கிட்ட அடிப்பக்கத்துல மயிரே இருக்காது, வெறும் தோல், அந்தத் தோல்ல நம்ம விரல் ரேகை மாதிரியே வரி வரியா ஓடும். கிளையைச் சுத்திப் பிடிச்சா வழுக்காது, பிடிச்சது காய்ஞ்ச கிளையா பச்சைக் கிளையான்னு தொடு உணர்ச்சியும் அதுல இருக்கு. முழு எடையையும் வால்ல தொங்கவிட்டு ரெண்டு கையையும் ஃப்ரீயா வச்சுக்கிட்டு பழம் பறிக்கும். கார்ட்டூன்ல எல்லாக் குரங்கும் வாலால தொங்கும், நிஜத்துல நம்ம நாட்டுக் குரங்கு, கருமந்தி, லங்கூர் எதுக்கும் அது வராது. ஆசியா ஆப்பிரிக்கா குரங்கு எதுக்குமே வராது. தென் அமெரிக்கக் குரங்குலயும் எல்லாத்துக்கும் கிடையாது, நுனியில இந்த வெறுந்தோல் உள்ள வால் கம்பளிக் குரங்கு, சிலந்திக் குரங்கு, ஊளைக் குரங்கு, முரிக்கி இவங்க குடும்பத்துக்கு மட்டும். பழம் எப்பவும் கிளை நுனியில, மெல்லிசா இருக்கற இடத்துலதான் தொங்கும். 10 கிலோ உடம்போட அங்க நடந்து போனா கிளை முறியும், அதனால மேல ஒரு தடிச்ச கிளையில வாலை மாட்டிக்கிட்டு கீழ தொங்கி எட்டிப் பறிக்கறதுதான் வழி. ஆக அந்த வால் சோறு போடற வால்.

ஹம்மிங்பேர்டு வால் நேர் எதிர். பெரும்பாலான பறவைக்கு வால்ல பத்துப் பன்னெண்டு இறகு இருக்கும், இதுக்கு கண்ணுக்குத் தெரியற மாதிரி நாலே நாலு. அதுலயும் ஆணோட வெளிப்பக்கத்து ரெண்டு இறகு மெல்லிசா கம்பி மாதிரி நீண்டு, ஒண்ணை ஒண்ணு குறுக்கால வெட்டிக்கிட்டு போய், நுனியில ஊதாநீல நிறத்துல வட்டத் தகடா முடியும். அந்த ரெண்டு தகட்டையும் தனித்தனியா ஆட்ட முடியும். ஆண்கள் ஒரே பகுதியில கூடி பெண்ணுக்கு ஆடிக் காட்டும், காத்துல நின்ன இடத்துலயே இப்படியும் அப்படியும் விசுக் விசுக்குன்னு பாய்ஞ்சுக்கிட்டு அந்தத் தகடுகளைத் தலைக்குப் பக்கத்துல கொண்டு வந்து ஆட்டும். பெண் வந்து பார்க்கும், பிடிச்சா சேரும், அதோட ஆணோட வேலை முடிஞ்சுது. கூடு கட்டறது, அடைகாக்கறது, குஞ்சுக்கு ஊட்டறது எல்லாம் பெண்ணு தலையில, இது ஹம்மிங்பேர்டு குடும்பத்துல பொதுவான வழக்கம்தான். ஆக இந்த வாலால ஆணுக்குப் பொண்ணு கிடைக்கும், சோறு கிடைக்காது.

உடனே எல்லாரும் கேக்கறது, இவ்ளோ நீள வாலைத் தூக்கிக்கிட்டு பறக்கறது பாரமில்லையான்னு. அமெரிக்காவுல ஆனாஸ் ஹம்மிங்பேர்டுங்கற வேற இனத்துக்கு செயற்கையா நீள வால் ஒட்டி, மெஷின் வச்சு எதிர்க்காத்து அடிக்கற காத்துச் சுரங்கத்துல பறக்கவிட்டுப் பார்த்திருக்காங்க, 2009-ல வந்த ஆய்வு. வேகமா பறக்கும்போது அதிகபட்சம் 11 சதவீதம் கூடுதல் சக்திச் செலவு, உச்ச வேகம் 3 சதவீதம் சொச்சம் குறைஞ்சுது. நாம நினைக்கற அளவுக்குப் பெரிய சுமை இல்ல. "இவ்ளோ கஷ்டத்தையும் தாங்கறேன் பார், நான் பலசாலி"ன்னு ஆண் காட்டறதாத்தான் பல டாக்குமென்டரில சொல்லுவாங்க, எனக்கு அது கொஞ்சம் மிகையாத்தான் படுது. பெண்ணுக்கு அந்த மினுக்கற தகடு சும்மா கண்ணை இழுக்குதுங்கறதே போதுமான காரணமா இருக்கலாம்.

அடுத்தது வேகம். இங்கதான் ரெண்டும் வேற வேற உலகம். ஹம்மிங்பேர்டு உடம்பு சின்னது, சின்ன உடம்புல எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு ஜாஸ்தி, சூடு ஓடிக்கிட்டே இருக்கும், அதோட நின்ன இடத்துல பறக்கறது பறவைகள் பண்ற வேலையிலயே செலவு அதிகமான வேலை. சாதாரணப் பறவை சிறகைக் கீழ அடிக்கும்போது மட்டும்தான் பெருசா தூக்கு விசை கிடைக்கும், ஹம்மிங்பேர்டு சிறகைத் திருப்பிப் போட்டு மேல வரும்போதும் கால் பங்கு விசையை எடுத்துக்கும். எலும்பைப் பார்த்தா இன்னும் சுவாரசியம். குரங்குக்கும் அதுக்கும் கையில இருக்கறது அதே எலும்புங்கதான், தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மணிக்கட்டு விரல்கள். குரங்குல எல்லாம் நீளம். ஹம்மிங்பேர்டுல மேல்கை எலும்பு குட்டையோ குட்டை, சிறகுல பெரும்பகுதி "கை" எலும்புதான், அது தோள்ல சுழலும். முப்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி ரெண்டுக்கும் ஒரே தாத்தா, பல்லி மாதிரி ஒரு பிராணி, அதோட கைதான் ஒரு பக்கம் கிளையைப் பிடிக்கப் போச்சு, இன்னொரு பக்கம் காத்துல நிக்கப் போச்சு.

இதயத்துடிப்பு சில ஹம்மிங்பேர்டு இனங்கள்ல நிமிஷத்துக்கு 1,200 தாண்டி அளந்திருக்காங்க. குடிச்ச தேன் அரை மணி நேரத்துக்குள்ளயே நேரா சிறகுத் தசைக்கு எரிபொருளா போயிடும், சேமிச்சு வச்சு அப்புறம் எடுக்கற பேச்சே இல்ல, பகல்ல மட்டும். ராத்திரி பூ கிடையாது, குளிர் வேற. அப்ப என்ன பண்ணும்னா உடம்பை ஆஃப் பண்ணிடும். பெருவோட ஆண்டிஸ்லயே 2020-ல வந்த ஒரு ஆய்வுல பிளாக் மெட்டல்டெயில்ங்கற ஹம்மிங்பேர்டோட உடம்பு வெப்பம் ராத்திரில 3.3 டிகிரிக்கு இறங்கினதை அளந்திருக்காங்க. ஃபிரிட்ஜை விடக் குளிர். காலைல வெயில் வர்றதுக்கு முன்னாடி தசையை நடுங்க வச்சு சூடேத்தி எழுந்து பறந்து போயிடுது. நம்ம துடுப்புவாலும் அதே மலைக் குளிர்லதான் ராத்திரியக் கழிக்குது.

குரங்குக்கு இந்த அவசரம் எதுவும் இல்ல. பழம், இலை, பூ, மொட்டு, பூச்சின்னு கலந்து கட்டித் தின்னும், இலை செரிக்க நேரம் ஆகும், அதனால தின்னுட்டு மதியம் கிளையில படுத்துக் கிடக்கும். சில சமயம் மண்ணையும் தின்னும், அதையும் பதிவு பண்ணியிருக்காங்க. குளிரைச் சமாளிக்க அந்தத் தடிச்ச மயிர் போதும். 3 கிராம் பிராணிக்கு வெறும் மயிரை நம்பி அங்க இருக்க முடியாது.

கண்ணும் நாக்கும் மூளையும் பத்தி சொல்லாம விட்டா பாதி பதில்தான். பெரும்பாலானவங்க குரங்குதான் நம்ம சொந்தக்காரன், அதனால உலகத்தை நம்மள மாதிரியே பார்க்கும்னு எடுத்துக்கறாங்க. தென் அமெரிக்கக் குரங்குல பெரும்பாலானதுக்கு, கம்பளிக் குரங்குக் குடும்பமும் சேர்த்துத்தான், ஒரு வினோதம் இருக்கு: நிறம் பார்க்கற ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ஆணுக்கு எக்ஸ் ஒண்ணே ஒண்ணுங்கறதால எல்லா ஆணுக்கும் கண்ணுல நிறம் பிடிக்கற கூம்பு செல் ரெண்டே வகைதான், அதாவது சிவப்பு பச்சை வித்தியாசம் சரியா தெரியாது. பெண்கள்ல மட்டும் ரெண்டு எக்ஸ்லயும் வேற வேற வகை அமைஞ்சா மூணு நிறப் பார்வை கிடைக்கும். ஒரே கூட்டத்துல அக்காவுக்குப் பழுத்த பழம் பளிச்னு தெரியும், தம்பிக்குத் தெரியாது. ஹம்மிங்பேர்டுக்கு நாலு வகைக் கூம்பு. புற ஊதா நிறமும் தெரியும், புற ஊதாவும் பச்சையும் கலந்த நிறம்னு நமக்குக் கற்பனைகூட பண்ண முடியாத நிறங்களைப் பிரிச்சுப் பார்க்குதுன்னு காட்டுல சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. அந்த ஊதாநீல வால் தகடு பெண் பறவை கண்ணுக்கு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியவே தெரியாது.

இனிப்பு விஷயமும் இதே மாதிரிதான். நமக்கும் குரங்குக்கும் இனிப்பு உணர ஒரு தனி மரபணு ஜோடி இருக்கு. பறவைகளோட முன்னோர்கள்கிட்டயே அதுல ஒண்ணு தொலைஞ்சு போச்சு, கோழிக்கு சர்க்கரை போட்டாலும் ஒண்ணும் தெரியாது. ஹம்மிங்பேர்டு என்ன பண்ணுச்சுன்னா, கறிச்சுவை உணர்றதுக்குன்னு இருந்த இன்னொரு ஜோடியை மாத்தி சர்க்கரைக்குப் பழக்கிக்கிச்சு. 2014-ல சயின்ஸ் இதழ்ல வந்தது இது. வாடகை வீட்டை இடிச்சு சொந்த வீடா கட்டிக்கிட்டாப்ல வேலை, எனக்குப் பரிணாமத்துல ரொம்பப் பிடிச்ச உதாரணங்கள்ல ஒண்ணு.

மூளையில குரங்குதான் ஜெயிக்கும்னு நினைப்பீங்க. கூட்டத்துக்குள்ள யார் யாருக்கு வேண்டியவன் வேண்டாதவன்னு நினைவு வச்சுக்கறது, எந்த மரம் எப்ப காய்க்கும்னு வழி தெரிஞ்சு போறது இதுலல்லாம் சந்தேகமே இல்ல. ஆனா ஹம்மிங்பேர்டு மூளை உடம்பு எடையில 4 சதவீதம் கிட்ட வரும். ரூஃபஸ் ஹம்மிங்பேர்டுங்களை வச்சு கனடா மலையில பண்ணின சோதனையில, சில போலிப் பூவுல 10 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் சில பூவுல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் சர்க்கரைத் தண்ணி ரொப்பினாங்க. எந்தப் பூ எப்ப ரொம்பும்னு கத்துக்கிட்டு அந்தந்த நேரத்துக்குத்தான் போய் எட்டிப் பார்த்துச்சு. இன்னொண்ணு, கேட்டுக் கத்துக்கிட்டுக் குரல் கொடுக்கற பறவைக் கூட்டம் மூணே மூணுதான், பாட்டுப் பறவைகள், கிளிகள், ஹம்மிங்பேர்டு. குரங்குக்கு அது கிட்டத்தட்ட கிடையாது. மஞ்சள்வால் குரங்கு நாய்க்குட்டி குரைக்கற மாதிரி ஒரு சத்தம் போடும், அது பொறந்ததுல இருந்து கூட வர்றது, யார்கிட்டயும் பாடம் படிக்க வேண்டியதில்ல.

ரெண்டும் தென் அமெரிக்காவோட ஒரிஜினல் குடிமக்கள்னு நினைச்சீங்கன்னா அதுவும் இல்ல. குரங்கோட முன்னோர் ஆப்பிரிக்காவுல இருந்து, மூணு நாலு கோடி வருஷத்துக்கு முன்னாடி, அட்லாண்டிக் இப்ப விடக் குறுகலா இருந்த காலத்துல, ஆத்து வெள்ளத்துல பெயர்ந்து வந்த மரக்கூட்டத்து மேல ஏறிக் கடலைத் தாண்டியிருக்கணும், வேற வழியில வந்திருக்க வாய்ப்பு இல்லன்னுதான் பெரும்பாலானவங்க ஒத்துக்கறாங்க. அந்தப் பழைய குரங்குப் பல்லுங்க கிடைச்சதும் பெருவுலதான், அமேசான் பக்கம். ஹம்மிங்பேர்டோட ரொம்பப் பழைய புதைபடிவம் எங்க கிடைச்சுதுன்னா ஜெர்மனியில, மூணு கோடி வருஷம் பழசு, அதே நீள மூக்கோட. இன்னைக்கு ஐரோப்பாவுல ஒண்ணுகூட இல்ல. அதோட கிட்டத்துச் சொந்தக்காரன் உழவாரன் குருவி.

இப்ப மனுஷன் கண்ணுல பட்ட கதை. ரெண்டும் அறிவியலுக்கு வந்தது செத்த உடம்பாத்தான். ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் 1802 வாக்குல வடக்கு பெரு பக்கம் போனப்ப கழுதைக்காரங்க சேணத்துக்கு மேல விரிச்சிருந்த தோலைப் பார்த்தார், உயிரோட ஒரு குரங்கையும் பார்க்கல, அந்தத் தோலை வச்சே 1812-ல பேர் வச்சார். அதுக்கப்புறம் 1920-கள்ல சில மாதிரி சேகரிச்சதோட சரி, அழிஞ்சு போச்சுன்னே நினைச்சுட்டாங்க. 1974-ல ரஸ்ஸல் மிட்டர்மையர், அப்ப அவர் மாணவர், பெருவைச் சேர்ந்த எர்னாண்டோ தெ மசேதோ கூட எல்லாம் சேர்ந்து போய்த் தேடினாங்க, வேட்டைக்காரங்ககிட்ட தோலும் மண்டையோடும் கிடைச்சுது, வீட்டுல வளர்த்துக்கிட்டிருந்த ஒரு உயிருள்ள குட்டியும் கிடைச்சுது. அதைத் தொடர்ந்துதான் 1983-ல ரியோ அபிசேயோ தேசியப் பூங்கா வந்துச்சு.

பறவைக்கு 1835-ல ஆண்ட்ரூ மேத்யூஸ்ங்கற செடி சேகரிக்கற ஆளு லண்டன் நர்சரிக்காரர் ஜார்ஜ் லாடிஜஸுக்காக ஒண்ணைப் பிடிச்சு அனுப்பினார். 1847-ல பேர் வச்சாங்க, அறிவியல் பேர்ல பேரினப் பகுதியில லாடிஜஸ் பேர் இன்னைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் 1880 வாக்குல போலந்துக்காரர் ஸ்டோல்ஸ்மான் மறுபடி கண்டுபிடிக்கற வரைக்கும் உலகத்துல இருந்தது அந்த ஒரே ஒரு பாடம் பண்ணின உடம்பு. இத்தனைக்கும் உள்ளூர்க்காரங்களுக்கு ரெண்டும் நல்லாத் தெரியும், குரங்கைக் கறிக்குச் சுட்டாங்க, குட்டியை வளர்க்க விக்கறதுக்காகத் தாயைச் சுட்டாங்க, ஆண் ஹம்மிங்பேர்டைக் கவண்ல அடிச்சு அதோட காய்ஞ்ச இதயத்தை ஆண்மைக்கு மருந்துன்னு தின்னாங்க. 3 கிராம் பறவையோட இதயம் எவ்ளோ இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சரி, யார் முதல்ல போவாங்க?

பொது எதிரி ஒண்ணுதான். 1970-கள் வாக்குல கடற்கரையில இருந்து மலையைத் தாண்டி காட்டுக்குள்ள வந்த நெடுஞ்சாலை. பொமாகோச்சாஸ், யம்ப்ராஸ்பம்பா, அப்ரா பட்ரீசியா வழியா மொயோபாம்பா போற ரோடு. ரோடு வந்ததும் மேட்டு நிலத்துல இருந்து ஏழைக் குடும்பங்க வந்தாங்க, காப்பி, மாட்டுக்குப் புல்லு, உருளைக்கிழங்கு. காட்டை வெட்டிப் பயிர் வச்சாத்தான் அந்த நிலம் என் கையில இருக்குன்னு காட்ட முடியும்ங்கற நிலைமை, அதனால வெட்டினாங்க. அவங்களைத் திட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

ஆனா அதே கோடாலி ரெண்டையும் ஒரே மாதிரி பாதிக்கல. துடுப்புவாலுக்குக் கன்னிக்காடு தேவையில்ல. காட்டு ஓரம், வெட்டிவிட்ட இடத்துல திரும்ப முளைக்கற புதர், காட்டு முள் ராஸ்பெர்ரிப் புதரும் ஆல்டர் மரமும் கலந்த இடம், அதுல பொமாரியாங்கற கொடியோட சிவப்புப் பூ இருந்தா ரொம்ப சந்தோஷம். முழுசா மொட்டையடிச்சுப் புல்வெளி ஆக்கினாத்தான் போகும். அதனால 2006-ல ஈகோஆன்ங்கற பெரு அமைப்பும் அமெரிக்கன் பேர்டு கன்சர்வன்சியும் பொமாகோச்சாஸ் கிராமத்தாரோட ஒப்பந்தம் போட்டு உவெம்போங்கற இடத்துல 40 ஹெக்டேர் சொச்சத்தைக் காப்பாத்தினாங்க, முப்பதாயிரத்துக்கு மேல உள்ளூர் மரக்கன்னும் புதரும் நட்டாங்க. பெருவுல அந்த மாதிரி ஒப்பந்தம் அதுதான் முதல்ல. இன்னைக்கு அங்க போனா சர்க்கரைத் தண்ணி ஃபீடர்லயே ஆணைப் பார்க்கலாம்.

அந்த 40 ஹெக்டேரைக் குரங்குக்கு வச்சா? ஒரு கூட்டம் சுத்தி வரவே நூறு ஹெக்டேர் வாக்குல வேணும், அதுவும் மரத்துக்கு மரம் கிளை தொடற மாதிரி, நடுவுல பெரிய வெட்டவெளி இல்லாம. கீழ இறங்கி புல்வெளியைக் கடந்து அடுத்த காட்டுக்குப் போறது அதோட பழக்கம் இல்ல. அப்புறம் பிள்ளைப் பேறு. ஹம்மிங்பேர்டுங்க பொதுவா ஒரு கூட்டுக்கு ரெண்டு முட்டை வைக்கும், குஞ்சு சில வாரத்துல பறந்துடும். கம்பளிக் குரங்குக்கு ஏழு மாசக் கர்ப்பம், ஒரே குட்டி, அடுத்தது ரெண்டு மூணு வருஷம் கழிச்சு. மேலோட்டமா ஒரு கணக்குப் போடுங்க: ஒரு கூட்டத்துல பத்துப் பெண் இருந்தா வருஷத்துக்கு மூணு நாலு குட்டி, அதுல இயற்கையாவே சிலது போகும், அதுக்கு மேல ஒரு துப்பாக்கிக்காரன் வருஷத்துக்கு ரெண்டு பெண்ணைச் சுட்டா முடிஞ்சுது, காடு முழுசா இருந்தாலும் கூட்டம் தேயும். குரங்கு போனா காட்டுக்கும் அடி, பெரிய விதை உள்ள பழத்தை முழுசா விழுங்கி தூரத்துல போய்ப் போடறதுக்கு அந்தச் சைஸ்ல வேற ஆள் அதிகம் இல்ல.

அதனாலதான் சர்வதேசப் பட்டியல்ல குரங்கு "மிக ஆபத்தான நிலை", அழிவுக்கு முந்தின கடைசிப் படி. பறவையை ரொம்ப காலமா அதுக்கு ஒரு படி கீழ, "ஆபத்தான நிலை"ன்னு வச்சிருக்காங்க. என் கணிப்பும் அதேதான், கவலைப்பட வேண்டியது முதல்ல குரங்குக்கு. ஆனா பறவைக்கு ஒரு பலவீனம் உண்டு, அதோட மேப் ரொம்பச் சின்னது. குரங்கு அமசோனாஸ், சான் மார்ட்டின்னு பரவி, பக்கத்துப் பகுதிகள்லயும் திட்டுத் திட்டா இருக்கு, ஒரு இடம் போனாலும் இன்னொரு இடம் இருக்கும். பறவைக்கு அந்த ஒரே பள்ளத்தாக்குதான். வெப்பம் கூடி மேகம் மேல ஏறினா ரெண்டும் மேல ஏறித்தான் ஆகணும், 2,900 மீட்டருக்கு மேல மலை கூம்பிக்கிட்டே போகும், பரப்பு குறையும்.

குரங்கு விஷயத்துல நம்பிக்கையே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். யம்ப்ராஸ்பம்பா பக்கத்துல லா எஸ்பெரான்சான்னு ஒரு குடியேற்றக் கிராமம் இருக்கு, நியோட்ராபிகல் பிரைமேட் கன்சர்வேஷன்ங்கற சின்ன அமைப்பு 2007-ல இருந்து அந்த ஜனங்களோட சேர்ந்து வேலை பார்க்குது. காடு அங்க முழுக் காடு இல்ல, வெட்டினது, விட்டது, பண்ணை எல்லாம் கலந்தது. அங்க வேட்டையை ஊர்க்காரங்களே நிறுத்தினதுக்கு அப்புறம் சில வருஷம் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தப்ப குரங்கு கூடியிருந்துச்சு, 2015-ல அதைக் கட்டுரையாவே போட்டாங்க.